உடன்படிக்கை: உத்தரவாதமா, கடமையா?

இஸ்ரேல் நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 2024 ஜூன் 25-ஆம் தேதி ஒரு தீர்ப்பு அளித்தது. ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அளித்த தீர்ப்பு அது. வேதப் பாடசாலைகளில் படிக்கும் இளைஞர்களுக்கு ராணுவ சேவையிலிருந்து விலக்கு அளிக்க இப்போது எந்தச் சட்டமும் நடைமுறையில் இல்லை. ஆகவே மற்ற இளைஞர்களைப் போல அவர்களையும் ராணுவத்துக்கு அழைக்க வேண்டும் என்று கோர்ட்டு கூறியது. ராணுவத்துக்கு வரவேண்டிய மாணவர்களின் பேரில் பாடசாலைகளுக்குச் சர்க்கார் மானியம் கொடுக்கக் கூடாது என்றும் கூறியது. அப்போது சேவைக்கு உரிய வயதில் இருந்த பாடசாலை மாணவர்கள் சுமார் 63,000 பேர்.

தீர்ப்பின் விளைவு என்ன? 2025 ஜூலையில் தீவிர வைதிகக் கட்சிகள் இரண்டில் ஒன்று ஆளும் கூட்டணியை விட்டு வெளியேறியது. மற்றதன் மந்திரிகள் ராஜினாமாச் செய்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி, லட்சத்துக்கு மேற்பட்ட வைதிகர்கள் ஜெருசலேமில் கூடி, பாடசாலையை விட்டுப் பாசறைக்குப் போகமாட்டோம் என்று முழங்கினார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஏதோ ஆள் சேர்ப்புத் தகராறாகத் தோன்றலாம். சற்று உள்ளே புகுந்து பார்த்தால் விஷயம் மிகப் பழையது என்பது தெரியும். கடவுளோடு நம் முன்னோர்கள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு உண்மையாக நடப்பது என்றால் என்ன? யூதர்கள் சுமார் 3,000 ஆண்டுகளாகத் தங்களுக்குள் கேட்டு வரும் கேள்வி இது. வேதத்தைப் படித்துக்கொண்டிருப்பதே உண்மையாக நடப்பது என்கிறான் ஒருவன். சகோதரனோடு சேர்ந்து சுமையைத் தாங்குவதே உண்மையாக நடப்பது என்கிறான் இன்னொருவன். இருவரும் ஒரே புத்தகத்தைத்தான் ஆதாரம் காட்டுகிறார்கள்.

இந்த உடன்படிக்கையின் கதையில் மும்பைக்கும் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம். முதலில், அந்த உடன்படிக்கை எப்படிப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஆசியைவிடச் சாபமே அதிகம்

எபிரேய மொழியில் உடன்படிக்கைக்குப் பெயர் "பெரித்". ஆபிரகாமுடன் கடவுள் ஓர் உடன்படிக்கை செய்தார் என்றும், அதன் அடையாளம் ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் செய்யும் விருத்தசேதனம் என்றும் யூத வேதம் கூறுகிறது. பிறகு எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களை மோசே விடுவித்து அழைத்து வந்தபோது, சீனாய் மலையடிவாரத்தில் சமூகம் முழுவதுமே அந்த உடன்படிக்கையில் கட்டுப்பட்டதாக வேதம் சொல்கிறது.

அந்தக் காலத்தில் ஹிட்டைட் பேரரசர்கள் சிற்றரசர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்வது வழக்கம். பேரரசர் செய்த உதவிகளின் பட்டியல், சிற்றரசர் நிறைவேற்றவேண்டிய கடமைகள், மீறினால் வரும் சாபங்கள் என்று அந்த ஒப்பந்தங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. யூத வேதத்தில் வரும் உடன்படிக்கையும் பெரும்பாலும் அதே அமைப்பில் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். இங்கே பேரரசரின் இடத்தில் கடவுள் இருக்கிறார். சிற்றரசரின் இடத்தில் நேற்றுவரை அடிமைகளாக இருந்த ஒரு கூட்டம் இருக்கிறது.

உபாகமம் என்ற நூலின் 28-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். உடன்படிக்கையைக் காத்தால் கிடைக்கும் ஆசிகளுக்கு 14 வசனங்கள். மீறினால் வரும் கேடுகளுக்கு 54 வசனங்கள்! தங்களைத் தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் என்று சொல்லிக்கொள்வது யூதர்களின் அகந்தை என்று பலர் பேசக் கேட்டிருக்கிறோம். அந்தத் தேர்வுக்கு அவர்கள் வேதம் குறித்திருக்கும் விலை எவ்வளவு என்பதைப் பார்த்தவர்கள் அப்படிப் பேசத் தயங்குவார்கள்.

கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆமோஸ் என்ற தீர்க்கதரிசி ஆடு மேய்த்தவர். கடவுள் உங்களைத் தேர்ந்தெடுத்ததனாலேயே உங்கள் குற்றங்களுக்கு உங்களிடம் கணக்குக் கேட்பார் என்று அவர் வாதாடினார். ஏழையை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்பவர்களையும், தராசில் மோசம் செய்கிறவர்களையும் பெயர் சொல்லாத குறையாகச் சாடினார். அவரை ஊரைவிட்டுப் போகச் சொன்னார் அரசாங்கத்துப் பூசாரி. ஆனால் பிற்காலத்து யூதர்கள் வேதத்தில் சேர்த்தது பூசாரியின் பேச்சை அல்ல. ஆடு மேய்ப்பவரின் கண்டனத்தை.

இது சாதாரண விஷயமல்ல. உலகத்தில் எந்த அரசவையும் தன் புகழைக் கல்லில் வெட்டி வைக்கும். தங்கள் அரசர்கள் செய்த அநியாயத்தையும், தங்கள் முன்னோர் தவறிய இடங்களையும் புனித நூலாக்கி, வாரந்தோறும் சபையில் வாசிக்க ஏற்பாடு செய்துகொண்ட சமூகம் யூத சமூகம்.

ஆலயம் காப்பாற்றவில்லை

கி.மு. 586-இல் பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சாரின் படைகள் ஜெருசலேமை அழித்தன. சாலமோன் கட்டிய ஆலயம் தீக்கிரையாயிற்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு எரேமியா என்ற தீர்க்கதரிசி அதே ஆலயத்தின் வாசலில் நின்று எச்சரித்தார். கடவுளின் ஆலயம் இங்கே இருக்கும்போது நமக்கு என்ன நேர்ந்துவிடும் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்நியனையும், அநாதையையும், விதவையையும் ஒடுக்கிக்கொண்டு ஆலயத்தை நம்புவது வீண் என்றார் எரேமியா. உடன்படிக்கையை அவர்கள் உத்தரவாதப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவரோ அதைக் கடன் பத்திரமாகப் படித்துக் காட்டினார். அவரைச் சிறையில் போட்டார்கள்.

பாபிலோனுக்குக் கைதிகளாகக் கொண்டு போகப்பட்டவர்களுக்கு அதே எரேமியா ஒரு கடிதம் எழுதினார். உடனே திரும்பிவிடுவோம் என்ற கனவை விட்டு, அங்கேயே வேரூன்றி வாழும்படியும், குடியேறிய நகரத்தின் நலத்தை நாடும்படியும் யோசனை சொன்னார். பிழைப்புக்காக வெளி மாநிலத்தில் வேர்விட்டிருக்கும் நம் போன்றவர்களுக்கு அந்தக் கடிதத்தின் அருமை நன்றாகவே புரியும்.

ஆலயம் இல்லை, அரசன் இல்லை, நாடு இல்லை. அந்த நிலையிலும் உடன்படிக்கை தொடர முடியும் என்ற பாடத்தை யூதர்கள் பாபிலோனில் கற்றார்கள். பாரசீக மன்னன் சைரஸ் கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்து, அவர்கள் ஊர் திரும்ப அனுமதி அளித்தார். எல்லாரும் திரும்பவில்லை. தங்கிவிட்டவர்களின் வழி வந்தவர்களிடையேதான், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பாபிலோனியத் தல்மூத் என்ற பெருநூல் உருவாயிற்று.

ஓய்வுநாளில் போரிடலாமா?

இன்றைய தகராறுக்கு மிக நெருக்கமான சம்பவம் கி.மு. 167-இல் நடந்தது. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோகஸ், யூதர்கள் ஓய்வுநாளை அனுசரிக்கக் கூடாது, விருத்தசேதனம் செய்யக் கூடாது என்று தடை போட்டான். பக்தியுள்ளவர்கள் வனாந்தரத்துக்கு ஓடி, குகைகளில் ஒளிந்துகொண்டார்கள். மன்னனின் படை ஓய்வுநாளாகப் பார்த்துத் தாக்கியது. அன்று ஆயுதம் எடுப்பது ஆகாது என்று அவர்கள் ஒரு கல்லைக்கூட வீசவில்லை. ஆண், பெண், குழந்தைகள் என்று ஆயிரம் பேர் மாண்டார்கள் என மக்கபேயர் வரலாறு கூறுகிறது.

செய்தி கேட்ட மத்தத்தியா என்ற பூசாரியும் அவருடைய புதல்வர்களும் அழுதார்கள். பிறகு கூடி யோசித்தார்கள். எல்லாரும் இப்படியே செய்தால் ஓய்வுநாளை அனுசரிக்க ஒருவர்கூட மிஞ்சமாட்டார்கள். ஆகவே தாக்கப்பட்டால் ஓய்வுநாளிலும் எதிர்த்துப் போரிடுவது என்று முடிவு செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆலயத்தை மீட்டார்கள். அதன் நினைவாகத்தான் யூதர்கள் ஹனுக்கா விளக்குத் திருவிழா கொண்டாடுகிறார்கள்.

மாண்ட ஆயிரம் பேரும் உடன்படிக்கைக்கு உண்மையானவர்கள். மத்தத்தியாவும் உண்மையானவர். யூத மரபு இருவரில் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை.

யாவ்னே பாடசாலை

இதற்கு நேர் எதிரான பாடம் கி.பி. 70-இல் வந்தது. ரோமாபுரிக்கு எதிராகக் கிளர்ந்த ஜெருசலேம் முற்றுகைக்குள்ளானது. உள்ளே தீவிரவாதிகள் சமாதானம் பேசவே விடவில்லை. அப்போது யோஹனான் பென் சக்காய் என்ற அறிஞரை, இறந்துவிட்டார் என்று சொல்லிச் சவப்பெட்டியில் வைத்துச் சீடர்கள் நகருக்கு வெளியே கொண்டுவந்தார்கள் என்பது மரபுவழிக் கதை. ரோமானியத் தளபதி வெஸ்பாசியனிடம் அவர் கேட்டது யாவ்னே என்ற சிற்றூரையும், அங்குள்ள அறிஞர்களையும் விட்டுவிட வேண்டும் என்பதுதான். நகரையே காப்பாற்றக் கேட்டிருக்கலாமே என்று பிற்காலத்தில் அவரைக் குறை சொன்ன அறிஞர்களும் உண்டு.

வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் ஆலயத்தை எரித்தான். யாவ்னேயில் பாடசாலை தொடர்ந்தது. பலிபீடம் இருந்த இடத்தில் பிரார்த்தனை வந்தது. பூசாரியின் இடத்தில் ஆசிரியர் வந்தார். கி.பி. 132-இல் பார் கோக்பா என்பவர் தலைமையில் மீண்டும் புரட்சி. அவரே மீட்பர் என்று அகிபா போன்ற பேரறிஞரே நம்பினார் என்பார்கள். 135-இல் அது நசுக்கப்பட்டது. யூதேயா பாழாயிற்று. கத்தி தோற்ற இடத்தில் சமூகத்தை நிலைநிறுத்தியது பள்ளிக்கூடம்.

இதைத்தான் இன்றைய வைதிகர்கள் நினைவூட்டுகிறார்கள். ரோமாபுரி எங்கே? பாபிலோன் எங்கே? படித்துக்கொண்டிருந்தவர்களால்தான் நாம் இருக்கிறோம் என்கிறார்கள். இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

பம்பாயில் ஒரு ஜெப ஆலயம்

இனி மும்பைக்கு வருவோம். வொர்லியில் டாக்டர் ஈ. மோசஸ் சாலை வழியாகப் போய் வரும் நம்மவர்கள் பலர். அந்த மோசஸ் யார்? 1937-38-இல் பம்பாய் மேயராக இருந்த யூதர். "பெனே இஸ்ரேல்" சமூகத்தைச் சேர்ந்தவர்.

இந்தச் சமூகத்தின் மூதாதையர் வந்த கப்பல் அலிபாகுக்கு அருகே நவ்காவ் கரையில் உடைந்தது என்றும், ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் மட்டுமே பிழைத்தார்கள் என்றும் அவர்களுடைய மரபு கூறுகிறது. எந்தக் காலத்தில் என்பது நிச்சயமில்லை. கொங்கணக் கிராமங்களில் குடியேறி எண்ணெய்ச் செக்கு ஆட்டினார்கள். மராத்தி பேசினார்கள். பேண் ஊரார் பேண்கர், நவ்காவ் ஊரார் நவ்காவ்கர் என்று ஊர்ப் பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். எபிரேய மொழி மறந்துபோயிற்று. வேதப் புத்தகம் இல்லை. ரபி என்ற மதகுரு இல்லை. யாவ்னே பாடசாலையைப் பற்றியோ தல்மூத்தைப் பற்றியோ கேள்விப்பட்டதும் இல்லை.

பின் என்ன மிஞ்சியது? எட்டாம் நாள் விருத்தசேதனம். செதிலும் துடுப்பும் இல்லாத மீனை விலக்குவது. கடவுள் ஒருவரே என்று அறிக்கையிடும் ஒரே ஒரு எபிரேய மந்திரம். அதோடு சனிக்கிழமை ஓய்வு. சனிக்கிழமை அவர்கள் வீட்டுச் செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களைச் "சனிவார் தேலி", அதாவது சனிக்கிழமை வாணியர் என்று அழைத்தார்கள். எலியா தீர்க்கதரிசியை நினைத்து அவலும் தேங்காயும் இனிப்பும் பழமும் படைக்கும் "மாலிதா" என்ற சடங்கு இன்றும் அவர்களுக்கு உண்டு. இந்த மண்ணின் பிரசாதமும் அந்த மண்ணின் தீர்க்கதரிசியும் ஒரே தட்டில் சேர்ந்த சடங்கு அது.

பிற்காலத்தில் தாவீது ரஹாபி என்பவர் வந்து, மறந்துபோன முறைகளை அவர்களுக்குக் கற்பித்தார் என்று சொல்கிறார்கள். 1796-இல் சாமுவேல் திவேகர் என்ற ராணுவ அதிகாரி பம்பாயில் அவர்களுடைய முதல் ஜெப ஆலயத்தைக் கட்டினார். திப்பு சுல்தானிடம் கைதியாகி உயிர் தப்பியதற்கு நன்றிக் காணிக்கையாகக் கட்டினார் என்பது செவிவழிச் செய்தி. மாண்ட்வி சாமுவேல் தெருவில் அது இன்றும் இருக்கிறது. பக்கத்திலுள்ள மஸ்ஜித் ரயில் நிலையத்தின் பெயர்கூட இந்த ஆலயத்தைக் குறித்தே வந்தது என்று சொல்வோர் உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பாவில் யூதர்கள் அடிக்கடி துரத்தப்பட்டார்கள். 1492-இல் ஸ்பெயினிலிருந்து ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். கொங்கணத்து அண்டை வீட்டார் பெனே இஸ்ரேல்காரர்களைத் துன்புறுத்தவில்லை. துன்புறுத்தல்தான் யூதர்களை யூதர்களாக வைத்திருந்தது என்ற வாதம் இங்கே செல்லாது. யாரும் வற்புறுத்தாத இடத்தில், படிக்கப் புத்தகம்கூட இல்லாத நிலையில், வாரத்தில் ஒரு நாள் வருமானத்தை விட்டுக்கொடுத்து அவர்கள் அடையாளத்தைக் காத்தார்கள்.

நீ யூதன்தானா?

1948-இல் இஸ்ரேல் பிறந்தது. சுமார் 20,000 பேராக இருந்த பெனே இஸ்ரேல் சமூகத்தில் பெரும்பாலோர் அடுத்த சில பத்தாண்டுகளில் அங்கே போய்விட்டார்கள். விரும்பிப் போனார்கள். போன இடத்தில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது.

யூத மதச் சட்டப்படி விவாகரத்து ஆனவர்களின் மறுமணத்துக்குத் தனி விதிகள் உண்டு. அந்த விதிகள் தெரியாமல் இருந்த சமூகத்தில் நடந்த திருமணங்கள் செல்லுமா என்று சில ரபிகள் சந்தேகம் கிளப்பினார்கள். 1962-இல் தலைமை ரபி மன்றம் ஒரு உத்தரவு போட்டது. பெனே இஸ்ரேல்காரர் யாராவது வேறு யூதப் பிரிவில் திருமணம் செய்ய விரும்பினால், தாய்வழி மூதாதையரை முடிந்தவரை பின்னோக்கி விசாரிக்க வேண்டும் என்பது உத்தரவு. கிராமத்தில் செக்கு ஆட்டிய பாட்டியின் பாட்டிக்கு எந்தக் கச்சேரியில் பத்திரம் வாங்குவது?

அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1964-இல் ஜெருசலேமில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். பிரதமர் லெவி எஷ்கோல் தலையிட்டார். அந்த ஆகஸ்டில் பார்லிமெண்டு கூடி, திருமணம் உள்பட எல்லா விஷயங்களிலும் பெனே இஸ்ரேல்காரர்கள் எவ்வகை வேற்றுமையும் இல்லாத முழு யூதர்களே என்ற நிலையை உறுதி செய்தது. ரபிகளும் உத்தரவிலிருந்து அச்சமூகத்தின் பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஒருவன் உடன்படிக்கையை வாழ்ந்து காட்டினான். மற்றவன் அதன் விதிகளைக் கற்று வைத்திருந்தான். கற்றவன் வாழ்ந்தவனைப் பார்த்துச் சான்றிதழ் கேட்டான். உடன்படிக்கை ஒரு கூட்டத்தாரின் தனிச் சொத்தாகிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1962-64 சம்பவம் ஓர் உதாரணம்.

400 பேர் 63,000 ஆன கதை

இனி இன்றைய வழக்கு. 1948-இல் பிரதமர் பென் குரியன் சுமார் 400 வேத மாணவர்களுக்கு ராணுவ விலக்கு அளித்தார். காரணம் நியாயமானது. ஹிட்லரின் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். போலந்திலும் லித்துவேனியாவிலும் இருந்த புகழ்பெற்ற பாடசாலைகள் அழிந்தன. யாவ்னேயைப் போல, மிஞ்சிய சில விதைகளையாவது காக்க வேண்டும் என்று எண்ணினார்கள். பிற்காலத்தில் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 1977-இல் மெனாஹெம் பெகின் கூட்டணி சர்க்கார் அமைத்தபோது அந்த வரம்பு எடுக்கப்பட்டது. வைதிகர்களின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது.

அதன் பின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. சட்டமில்லாமல் மந்திரி இப்படி விலக்கு அளிக்க முடியாது என்று 1998-இல் கோர்ட்டு சொன்னது. 2002-இல் சட்டம் வந்தது. 2012-இல் கோர்ட்டு அதைச் செல்லாததாக்கியது. 2014-இல் வேறு சட்டம். பின்னர் செய்த திருத்தங்களோடு அதுவும் 2017-இல் விழுந்தது. தவணை மேல் தவணை வாங்கி, 2023 ஜூனில் அதுவும் காலாவதியாயிற்று. அக்டோபர் 7-ஆம் தேதி ஹமாஸ் தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டு, 251 பேர் பணயக் கைதிகளானார்கள். தொடர்ந்து நடந்த போரில் ரிசர்வ் படையினர் மாதக்கணக்கில் வீட்டையும் வேலையையும் விட்டுப் போர்முனையில் இருந்தார்கள். ஒரு வீட்டில் சவம் இறங்க, அடுத்த வீட்டில் ஆளே அழைக்கப்படவில்லை என்ற மனக்குறை பெரிதாயிற்று.

வைதிகர்கள் 12-ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிசை மேற்கோள் காட்டுகிறார்கள். லேவி கோத்திரத்தார் போருக்குப் போகாமல் கடவுள் சேவைக்கென்று ஒதுக்கப்பட்டார்கள். விரும்பி அப்படி வாழ்பவன் எவனும் லேவியைப் போன்றவனே என்று அவர் எழுதியிருக்கிறார். எதிர்த்தரப்பாரும் அதே மைமோனிடிசைக் காட்டுகிறார்கள். படிப்பை மட்டுமே செய்துகொண்டு ஊரார் கொடையில் வாழ்வதை அவர் வன்மையாகக் கண்டித்திருக்கிறார். அவரே வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர். யோர்தானுக்கு இப்பாலேயே மேய்ச்சல் நிலம் கேட்ட ரூபன், காத் கோத்திரத்தாரிடம், சகோதரர்கள் போருக்குப் போக நீங்கள் இங்கே உட்கார்ந்திருப்பதா என்று மோசே கேட்டதையும் நினைவூட்டுகிறார்கள். தற்காப்புப் போரென்றால் மணவறையிலுள்ள மணமகனும் புறப்பட வேண்டும் என்பது மிஷ்னாவின் விதி.

நம் கருத்தில், 400 பேருக்குப் பொருந்திய யாவ்னே வாதம் 63,000 பேருக்குப் பொருந்தாது. யோஹனான் பென் சக்காய் பாடசாலையைக் காத்தது சமூகம் முழுவதற்காகவும். மற்றவர்களின் பிள்ளைகள் காவல் நிற்க, தங்கள் பிள்ளைகள் மட்டும் படிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்பவர்கள் என்பதுதான் யூத மரபில் சமூகத்துக்குக் கூறும் இலக்கணம். அந்த ஜாமீனிலிருந்து ஒரு சாரார் விலகிக்கொண்டால் உடன்படிக்கை எப்படி நிற்கும்?

மற்றத் தரப்புக்கும் கேள்வி உண்டு

அதற்காகத் துப்பாக்கி ஏந்தியவனெல்லாம் உடன்படிக்கைக்கு உண்மையானவன் ஆகிவிடமாட்டான். 1967 போரில் மேற்குக் கரை இஸ்ரேலின் பிடிக்கு வந்தது. அங்கே இன்று சுமார் 5 லட்சம் யூதர்கள் குடியேறியிருக்கிறார்கள். கடவுள் தந்த பூமி என்று அவர்களில் பலர் வேதத்தைப் பட்டா போல நீட்டுகிறார்கள். ஆனால் லேவியராகமத்தில் கடவுள் நிலம் தமக்கே சொந்தம் என்றும், மக்கள் தம்மிடம் தங்கியிருக்கும் குடிவாரக்காரர்கள் என்றும் சொல்வதாக வருகிறது. எகிப்தில் நீங்களே அந்நியராக இருந்தீர்கள், ஆகவே அந்நியனை ஒடுக்காதீர்கள் என்ற கட்டளை வேதத்தில் 36 இடங்களில் வருவதாகத் தல்மூத் அறிஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். 1967 வெற்றிக் களிப்பின் நடுவிலேயே, பிற மக்களை அடக்கி ஆள்வது நம்மையே கெடுக்கும் என்று எச்சரித்த யெஷயாஹு லெய்போவிட்ஸ் நாள் தவறாமல் வழிபாடு செய்த வைதிகர்தான்.

1982 செப்டம்பரில் பெய்ரூத்தின் சப்ரா, ஷட்டிலா அகதி முகாம்களில் லெபனான் கிறிஸ்தவப் படையினர் பாலஸ்தீனர்களைக் கொன்று குவித்தார்கள். கொன்றது இஸ்ரேலியர் அல்ல. ஆயினும் அந்தப் பகுதி அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. விசாரணை வேண்டும் என்று டெல் அவீவில் பெருங்கூட்டம் திரண்டது. கஹான் கமிஷன் 1983 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. வயலில் யாரோ கொன்று போட்ட அநாதைப் பிணத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் பொறுப்பேற்க வேண்டும் என்ற உபாகமச் சட்டத்தை அறிக்கை எடுத்துக் காட்டியது. பாதுகாப்பு மந்திரி ஷரோன் அந்தப் பதவியை விட்டு விலக நேர்ந்தது. மந்திரிசபையில் மட்டும் நீடித்தார்.

2023-க்குப் பின் காசாவில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டதாக அங்குள்ள சுகாதார இலாகா கணக்குக் கூறுகிறது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தது. மாண்டவர்களில் குழந்தைகள் ஏராளம். 1983-இல் கேட்ட கேள்வியை இதற்கும் கேட்கும் துணிவு உண்டா என்பதுதான் இப்போதைய சோதனை. உள்ளே ஆயிரக்கணக்கான யூதர்களே தெருவில் இறங்கிக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆமோசின் வழி வந்தவர்கள்.

ஓர் எச்சரிக்கை

யூத சரித்திரத்தைப் படிப்பவர்கள் ஒரு தவறு செய்யக் கூடாது. துன்பம் வந்தபோதெல்லாம் அது தண்டனை என்று தீர்ப்புச் சொல்வது வெளியாருக்கு உரிமையில்லாத காரியம். ஆமோசும் எரேமியாவும் தங்கள் மக்களிடம், தங்களையும் உட்படுத்திப் பேசினார்கள். வாயு அறையில் மாண்ட குழந்தை எந்த உடன்படிக்கையை மீறியது? முகாமிலிருந்து விடுபட்ட தத்துவப் பேராசிரியர் எமில் ஃபாக்கன்ஹைம் அந்தக் கேள்விக்கு விடை தேடவில்லை. மரபில் எண்ணப்படும் 613 கட்டளைகளோடு 614-ஆவதாக ஒன்றைச் சேர்த்தார். ஹிட்லருக்கு அவன் செத்த பிறகும் வெற்றி கிடைக்கும்படி யூதர்கள் நடந்துகொள்ளக் கூடாது என்பது அதன் கருத்து. உலகில் யூதர்களின் எண்ணிக்கை இன்னும் 1939-இல் இருந்த அளவை எட்டவில்லை.

அப்படிப்பட்ட மக்கள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் வியப்பில்லை. ஆனால் அவர்களுடைய சரித்திரமே காட்டும் உண்மை ஒன்று உண்டு. ஆலயம் இருக்கிறது, பூமி இருக்கிறது, படை இருக்கிறது என்று உடன்படிக்கையை உத்தரவாதமாக எண்ணிய காலங்களில் அவர்கள் சறுக்கினார்கள். தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டாகவும், மற்றவனுக்குச் செய்யவேண்டிய கடமையாகவும் அதைக் கருதிய இடங்களில், படையோ நாடோ இல்லாமலும் நிலைத்தார்கள்.

பாடசாலை மாணவன், ராணுவ வீரன், மேற்குக் கரைக் குடியேறி ஆகிய மூவருமே தங்களை உடன்படிக்கையின் காவலர் என்கிறார்கள். அதற்காக நீ எதை விட்டுக்கொடுக்கிறாய் என்று அவர்களைக் கேட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். கொங்கணத்துச் செக்குக்காரர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. அவர்களுக்கு ரபியும் இல்லை, ராணுவமும் இல்லை. சனிக்கிழமை வந்தால் மாட்டை அவிழ்த்துவிட்டு, அன்றைய கூலியை இழந்தார்கள்.